தாதியராகப் போக யோசிக்கிறவர்களுக்கு

உயர்தரத்தில் உயிரியல் படித்து, மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி காணாமல் நிற்கிற பிள்ளையிடம் மட்டக்களப்பில் வீட்டார் கேட்கிற முதல் கேள்வி, "இரத்தத்தைக் கண்டால் பயமா?" இரத்தமும் சீழும் சில மாதங்களில் பழகிவிடும். விடியற்காலை 3 மணிக்குப் பிழையில்லாமல் கணக்குப் போட வருமா என்று கேட்டால் பிரயோசனம்.

500 மில்லிலீற்றர் சேலைனை 4 மணித்தியாலத்தில் ஏற்றச் சொல்கிறார் வைத்தியர். சேலைன் இறக்குகிற சாதாரண குழாய்ச் செட்டில் 1 மில்லிலீற்றருக்கு 20 துளி. 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் பிரித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி. சிறுவர் விடுதியில் (வார்ட்டில்) பாவிக்கிற நுண்துளிச் செட்டில் 1 மில்லிலீற்றருக்கு 60 துளி. அதே 42 துளியில் மணிக்கு 42 மில்லிலீற்றர்தான் இறங்கும். செட்டைப் பார்க்காமல் மாற்றிப் போட்டால் பிள்ளைக்கு மூன்று மடங்கு நீர் போய்விடும். மாரி மழையோடு டெங்கு கூடுகிற மாதங்களில் இது சின்னப் பிழையல்ல. ஆபத்தான கட்டத்தில் இருக்கிற டெங்கு நோயாளிக்கு மணிக்கொரு தடவை நாடி, பிறஷர், சிறுநீரளவு எழுத வேண்டும். பிறஷர் 100/80 என்றால் மேல் எண்ணைப் பார்த்து ஆறுதல்படக்கூடாது. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20க்கு வந்துவிட்டது, உடனே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

வயல் வேலைக் காலத்தில் அம்பாறைப் பக்கம் பாம்புக்கடியும் வரும். இரத்தம் உறைகிறதா என்று பார்க்க, புதிதாக எடுத்த கொஞ்ச இரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பார்கள். குழாய் சவர்க்காரத் தூளால் கழுவினதாக இருந்தாலோ, பிளாஸ்ரிக்காக இருந்தாலோ, விஷம் ஏறாத ஆளின் இரத்தமும் உறையாமல் கிடக்கும். குழாய் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற ஆள்தான் நல்ல தாதி.

பாதை இரண்டு. சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோருகிற 3 வருட டிப்ளோமாவுக்கு மட்டக்களப்பிலேயே பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. படிக்கும்போது கொடுப்பனவும் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் 4 வருடப் பட்டம். தனியார் இடங்களில் காசு கட்டிப் படிக்க நினைத்தால், அந்தச் சான்றிதழை வைத்து இலங்கை தாதியர் பேரவையில் பதியலாமா என்று கேட்காமல் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

அரச வைத்தியசாலைகளில் டியூட்டி பொதுவாகக் காலை 7 முதல் 1, 1 முதல் மாலை 7, இரவு 7 முதல் காலை 7. அடுத்தவரிடம் விடுதியை ஒப்படைக்கிற நேரம் இதில் சேராது. மாலை டியூட்டி முடிந்து வாவிக்கு அக்கரையில் இருக்கிற படுவான்கரைக்குப் பஸ் கிடைக்குமா என்பதை நியமனக் கடிதம் சொல்லாது. முதல் நியமனம் சிங்களப் பகுதியிலும் கிடைக்கலாம், "வலி எங்கே?", "எப்போதிருந்து?" என்ற அளவுக்காவது சிங்களம் பழகிக்கொண்டு போனால் பாதிச் சுமை குறையும்.

என் கணிப்பில், இந்தத் தொழில் பிடிக்கவில்லை என்கிறவர்களில் பலருக்குப் பிடிக்காதது அவர்கள் நிற்கிற விடுதி. மருத்துவ விடுதியில் ஆள் நிறைந்து வழியும். படுத்த படுக்கையான நோயாளியை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட இடுப்பு வேண்டும். தனியாகத் தூக்கப் போகாதீர்கள், இரண்டு பேர் நின்று விரிப்போடு இழுங்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தில் கால் நோகும், ஆனால் உறவினரோடு வாக்குவாதம் இல்லை. இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் ஒருவருக்கு 4 மணித்தியாலம். அதே முகங்கள் வாராவாரம் வரும், சிலருக்கு அதுவே ஆறுதல், சிலருக்கு அதுவே தாங்காது. கிளினிக்கில் இரவு வேலை இல்லை, மேலதிகக் கொடுப்பனவும் குறைவு. வீட்டுக் கடனைக் கட்டுகிறவர்கள் அங்கே போக யோசிப்பது அதனால்தான். இடமாற்றம் கேட்க முன் அந்தப் பிரிவின் சிஸ்டரிடம் (பொறுப்புத் தாதியிடம்) இரண்டு விசயம் கேளுங்கள்: இரவில் எத்தனை பேர் நிற்கிறார்கள், லீவு போட்டால் யார் பதிலுக்கு வருவார்கள்.