டெல்லி பால்கனியில் காலா லில்லி: ஒரு தப்புக் கணக்கும் ஏழு கிழங்குகளும்

டொராண்டோவில் இருக்கும் தங்கை வருடா வருடம் அக்டோபரில் ஒரு படம் அனுப்புவாள். செய்தித்தாளில் பரப்பிய, மண் ஒட்டிய காலா லில்லிக் கிழங்குகள். முதல் உறைபனியில் இலை கருகியதும் தோண்டிவிடுவாள். மண்ணிலேயே விட்டால் கிழங்கு உறைந்து கூழாகிவிடும். காயவைத்து, வீட்டின் அடித்தளத்தில் 10 முதல் 15 டிகிரிக்குள் தூங்கவிட்டு, குளிர் போனதும் மே கடைசியில் மறுபடி நடுவாள்.

அதைப் பார்த்து ஆசைப்பட்டு, மயூர் விஹார் பால்கனியில் நானும் மார்ச்சில் மூன்று மஞ்சள் ரகக் கிழங்குகளை நட்டேன். முளைத்ததென்னவோ ஜோராகத்தான். மே மாதம் வெயில் 43 டிகிரியைத் தொட்டதும் இலைகள் துவண்டன. தாகம் என்று நினைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஊட்டி ஓடைக்கரையில் வெள்ளைக் காலா சேற்றில் நிற்பதைப் பார்த்திருக்கிறேனே, அந்தத் தைரியம்! ஆனால் அது சதுப்பில் வாழும் வேறு இனம். இரண்டுக்கும் பூர்வீகம் தென் ஆப்பிரிக்கப் பக்கம்தான் என்றாலும், கலர் ரகங்களின் கிழங்குக்கு ஈரம் தங்கினால் ஆகாது. ஒரு நாள் மண்ணைக் கிளறினேன். கட்டைவிரல் பட்டதும் தோல் மட்டும் கையோடு வந்தது. உள்ளே வெள்ளைக் கூழ், அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம்.

அப்புறம்தான் உறைத்தது. அவளுக்குப் பனி எதுவோ, நமக்கு அது மே வெயில். காலண்டரைத் திருப்பிப் போட வேண்டும்.

அடுத்த முறை அக்டோபர் முதல் வாரத்தில் ஐந்து கிழங்குகள். பாதி தேங்காய் நார்த்தூள், மீதியில் மண்புழு உரமும் ஆற்று மணலும் சமமாக. கண் மேலே பார்க்க மூன்று விரல்கடை ஆழத்தில் வைத்து, ஒரே ஒரு முறை தண்ணீர். முளை தெரியும்வரை தொட்டியைத் தொடவே இல்லை. 19 நாள் ஆயிற்று.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா வெள்ளைப் புள்ளி போட்ட இலையைப் பார்த்துவிட்டு, "என்னடி, சேம்புக்குச் சொந்தமா இது?" என்றார். உண்மையிலேயே ஒரே குடும்பம்தான். பழுத்த இலையைக் கிள்ளிய கை அரை மணி நேரம் அரித்தது. சேம்பில் இருக்கும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்.

ஜனவரி மூடுபனியில் செடி அப்படியே நின்றுவிட்டது. இரவில் மட்டும் உள்ளே எடுத்து வைத்தேன். பிப்ரவரி நடுவில் பச்சையாகச் சுருட்டிய பீடி போல ஒன்று எழும்பியது. நான்கு நாளில் விரிந்து மஞ்சளானது. நாம் பூ என்று சொல்வது வெறும் மடல். நிஜப் பூக்கள் நடுவில் இருக்கும் அந்த விரலில் பொடிப் பொடியாக ஒட்டியிருக்கின்றன. மொத்தம் ஆறு மடல்கள்.

ஏப்ரல் கடைசியில் தண்ணீரை நிறுத்தினேன். இலை காய்ந்ததும் தோண்டினால் ஐந்து ஏழாகியிருந்தது. அடித்தளத்துக்கு எங்கே போவது? பரண் அந்த மாதங்களில் அடுப்பு. உலர்ந்த நார்த்தூளில் புதைத்து, வடக்கு அறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஆகஸ்ட் ஈரத்தில் ஒன்று கொழகொழத்துவிட்டது, வீசிவிட்டேன். மீதி ஆறும் கெட்டியாக இருக்கின்றன. நேற்றுப் பார்த்தபோது பெரியதில் ஒரு கண் மட்டும் லேசாக ரோஸ் நிறத்தில் உப்பியிருந்தது. தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.