துவர்ப்பு செய்கிற வேலை

கடுக்காயை உடைத்துக் கொட்டையை நீக்கிவிட்டு (கடுக்காய்க்கு அகநஞ்சு என்பது மருத்துவ வழக்கு), அதன் தோட்டில் சிறு துண்டை மென்றால், சற்று நேரத்தில் நாக்கு வறண்டு, கன்னத்தின் உட்புறம் பல்லோடு ஒட்டி இழுக்கிறது. கடுக்காயிலுள்ள டானின் என்ற வேதிப்பொருள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றித் திரளச் செய்வதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. இதைத்தான் துவர்ப்பு என்கிறோம். தோல் பதனிடக் கடுக்காய் பயன்படுவதும் புரதத்தைப் பற்றும் இதே குணத்தால்தான்.

கடைவாய்ப் பல் ஒன்றைச் சொத்தைக்குப் பறிகொடுத்த பிறகே இதையெல்லாம் தேடிப் படித்தேன். 1924இல் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்து விவரித்த 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' என்னும் பாக்டீரியா, நாம் உண்ணும் சர்க்கரையைக் கொண்டு பசைபோன்ற குளுக்கான் என்ற பொருளைத் தன் நொதிகளால் உருவாக்கி, அதன் துணையோடு பல்லில் படலமாகப் படிகிறது. அப்படலத்துக்குள் அது சுரக்கும் அமிலத்தால் காரகாடித்தன்மை எண் (pH) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது பல்லின் எனாமல் கரையத் தொடங்குகிறது. பசையை உருவாக்கும் நொதியும் ஒரு புரதம் என்பதால், பழங்களின் துவர்ப்புப் பொருள்கள் அதையும் முடக்க வல்லவை. ஆகவே, பாக்டீரியாவைக் கொல்வதைவிட, அதை ஒட்டவிடாமல் செய்வதே இவற்றின் சிறப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

வட அமெரிக்கப் பழமான கிரான்பெரியில் இது நன்றாகத் தெரியவந்தது. அதன் சாற்றிலுள்ள ஒரு பகுதிப்பொருள், வாயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியா இணைகளில் பாதிக்கும் மேலானவற்றைப் பிரித்துவிட்டதாக 1998இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆயினும் கடையில் விற்கும் கிரான்பெரிச் சாறு சர்க்கரை மிகுந்தது என்பதால், அது பல்லுக்கு உகந்ததன்று என்பதையும் அவர்களே குறிப்பிட்டார்கள்.

நம் வீடுகளில் தேன் நெல்லிக்கும் இதே கதிதான். துவர்க்கும் நெல்லிக்காயைப் பாகில் ஊறவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது, பாக்டீரியாவுக்குப் பசை செய்யத் தேவையான சர்க்கரையையும் சேர்த்தே ஊட்டுகிறோம். பச்சை நெல்லியும் புளிப்புடையதே என்பதால், தின்றவுடன் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்தே பல் துலக்குகிறேன்.