செஷல்ஸ்: கடல் கொண்டுவந்த மரங்களும் கடல் தாண்டாத மரமும்

இந்தியப் பெருங்கடல் தீவு நாடான செஷல்ஸ் போகலாம் என்று முடிவானதும் வீட்டில் எல்லோரும் கடற்கரைப் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு தேங்காயை. இரட்டைத் தேங்காய், கடல் தேங்காய் என்கிறோமே, அதுதான். தாவர உலகிலேயே மிகப் பெரிய விதை. அந்த மரம் இயற்கையாக வளர்வது பிராலின், கியூரியஸ் என்ற இரண்டு தீவுகளில் மட்டுமே. அதை அதன் காட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கணவர், பிள்ளைகள் இருவர், அம்மா என்று குடும்பமாகவே கிளம்பிவிட்டோம்.

முதலில் இறங்கியது மாஹே தீவு. கடற்கரைக்குப் போனதுமே அம்மா ஒரு மரத்தடியில் நின்றுவிட்டார். கீழே கிடந்த இலை ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் மெல்லிய கோடுகள், இம்மியும் விலகாமல் நெருக்கமாக ஓடின. “புன்னைடீ இது!” என்றார். அங்கே அதைத் தகமகா என்கிறார்கள். சற்றுத் தள்ளிப் பூவரசு, நாட்டு வாதுமை. மணலில் ஊதாப் பூவோடு அடப்பங்கொடி. இவை எதையும் யாரும் கொண்டுவந்து நட வேண்டிய அவசியமே இல்லை. உப்புத் தண்ணீரில் நெடுநாள் மிதந்தாலும் இந்த விதைகளுக்கு முளைப்புத் திறன் போகாது. “இந்த மரம் இங்க எப்படிம்மா வந்துச்சு?” என்று மகள் அங்கே கேட்ட கேள்வியைத்தான் பயணம் முழுக்க ஒவ்வொரு செடியைப் பார்த்தும் கேட்டுக்கொண்டே போனோம். தீவில் செடி பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மலைப்பக்கம் ஏறினால் பதில் வேறு. திரும்பிய இடமெல்லாம் இலவங்கப்பட்டை மரம், கொழுந்தெல்லாம் சிவப்பு. மொரீஷியஸை நிர்வகித்த பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியில் 1772இல் மாஹேயில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டார்கள். 1780இல் ஏதோ கப்பல் வர, ஆங்கிலேயர்தான் வந்துவிட்டார்கள், அவர்கள் கையில் சிக்கக் கூடாது என்று தோட்டத்துக்கே தீ வைத்துவிட்டார்களாம். வந்தது பிரெஞ்சுக் கப்பல்! பட்டை மரம் மட்டும் பறவைகள் புண்ணியத்தில் மலையெங்கும் பரவிவிட்டது. மண்ணின் மரங்களை நெருக்கித் தள்ளுவதும் இன்றைக்கு அதுதான். நல்ல வாசனைதான், ஆனால் எனக்கு மனசு கனத்தது.

மாஹேயின் கோபோலியா மலை உச்சியில் கருங்கல் பாறை வெட்டவெளியாக விரிகிறது. அங்கே செஷல்ஸைத் தவிர வேறெங்கும் இல்லாத குடுவைச் செடி, பாறை இடுக்குகளில் கொத்துக் கொத்தாக இருந்தது. மஞ்சளும் சிவப்புமாகக் குடுவைகள், அடியில் கொஞ்சம் நீர், அதில் எறும்புகள். பாறையில் சத்து கிடைக்காததால் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு காலத்தில் இந்தியாவோடு ஒட்டியிருந்த நிலத்தின் உடைந்த துண்டுதான் இந்தக் கருங்கல் தீவுகள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மகன் பாறையைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

மாஹேயிலிருந்து படகில் ஒரு மணி நேரத்தில் பிராலின். கடல் தேங்காய் மரங்கள் வளரும் வலே த மே காடு மொத்தமே 19.5 ஹெக்டேர்தான். 1983இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பிரிட்டிஷ் ராணுவத் தளபதி ஜெனரல் கார்டன் 1881இல் இதைப் பார்த்துவிட்டு ஏதேன் தோட்டம் இதுவே என்று நம்பினாராம். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாக மாறுகிறது. தலைக்கு மேலே ஒரு இலையின் அடியில் எங்கள் ஐந்து பேரும் நிற்கலாம். நிஜமாகவே நின்றோம்.

சிறிது நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அதுதான் எங்கள் அதிர்ஷ்டம். இலையில் விழுந்த நீர் மடிப்புகள் வழியாகக் காம்புக்கு ஓடி, காம்பின் பள்ளத்தில் வாய்க்காலாகி, நேரே அடிமரத்துக்கு இறங்கியது. கூடவே மகரந்தம், சருகுத் தூள், பறவை எச்சம் எல்லாம். சத்துக் குறைந்த மண்ணில் தன் உரத்தைத் தானே சேர்த்து, தன் காலடிக்கே கொண்டுவந்து கொட்டிக்கொள்கிறது இந்த மரம். கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கணவர் குடையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக இருந்தார்.

ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பூங்கொத்து கை நீளத்துக்கும் மேல், அதன் சிறு மஞ்சள் பூக்களைப் பச்சைப் பல்லி ஒன்று நக்கிக்கொண்டிருந்தது. காய் முற்ற ஆறேழு ஆண்டுகள் ஆகும். முளைவிட்டால் கயிறு போன்ற ஒரு தண்டு மண்ணுக்குள் சில மீட்டர் போய், தாய் மரத்தின் நிழலிலிருந்து விலகிக் கன்றை நிறுத்துகிறது. முளைக்கக்கூடிய காய் கடலில் விழுந்தால் மூழ்கிவிடும். மிதந்து மாலத்தீவிலும் நம் கரைகளிலும் ஒதுங்கியதெல்லாம் உயிரற்ற வெறும் கூடு. அதனால்தான் மரத்தையே பார்க்காமல் நூற்றாண்டுக் கணக்கில் துறவிகள் அந்த ஓட்டைத் திருவோடாக ஏந்தியிருக்கிறார்கள். மரம் இருக்குமிடம் வெளியுலகுக்குத் தெரிந்தது 1768இல். காட்டில் கறுப்புக் கிளியின் குரல் மட்டும் கேட்டது, ஆள் கண்ணில் படவில்லை.

லா டீக் தீவில் சைக்கிள்தான் வசதி. லூனியன் எஸ்டேட்டில் வனிலாக் கொடிகள். நாங்கள் போனபோது பூ இல்லை, பச்சைக் காய்கள் தொங்கின. மெக்சிகோவிலிருந்து வந்த கொடி இது. அதன் சொந்த ஊர்த் தேனீ உடன் வராததால் ஒவ்வொரு பூவையும் கையால்தான் சூல் கொள்ளச் செய்ய வேண்டும். அதுவும் பூ மலர்ந்த அன்றே. சிறு குச்சியால் உள்ளிருக்கும் மெல்லிய மடலைத் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். 1841இல் ரீயூனியன் தீவில் இதைக் கண்டுபிடித்தவன் எட்மண்ட் அல்பியஸ், அடிமையாக இருந்த 12 வயதுப் பையன். என் மகனுக்கும் அதே வயது. “அவனுக்கு ஏதாச்சும் காசு குடுத்தாங்களா?” என்றான். இல்லை. 1848இல் விடுதலை கிடைத்தது, 1880இல் வறுமையிலேயே இறந்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வலே த மேக்குக் காலையில் திறந்ததுமே போங்கள், வழிகாட்டியோடு போங்கள். கோபோலியாவுக்கு நல்ல பிடிமானமுள்ள காலணி வேண்டும், மழையில் பாறை வழுக்கும். கடல் தேங்காய் வாங்குவதானால் அரசு அனுமதிச் சீட்டு உள்ளதை மட்டும் வாங்குங்கள், காய்த் திருட்டு அந்தக் காட்டுக்குப் பெரிய ஆபத்து. பிராலின் வரை போக முடியாதவர்கள் தலைநகர் விக்டோரியாவின் தாவரவியல் பூங்காவுக்காவது போய்விடுங்கள். 1956இல் இளவரசர் பிலிப் நட்ட கடல் தேங்காய் மரம் அங்கே இருக்கிறது.