பக்கத்து வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டினோம்

பின்பக்கத்தில் ஓர் அறையும் குளியலறையும் சேர்த்துக் கட்டத் தீர்மானித்தபோது, நாங்கள் முதலில் கூலி கொடுத்தது நில அளவையருக்கு. சுற்றுச்சுவர்தான் இருக்கிறதே, அளக்க என்ன இருக்கிறது என்று உறவினர் ஒருவர் கேட்டார். அந்தச் சுவரை யார், எதை வைத்து எழுப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பத்திரத்தில் உள்ள அளவுகளை வைத்துக்கொண்டு டேப் பிடித்தபோது, வாசல் பக்கம் சரியாக இருந்த சுவர், பின்மூலையில் எங்கள் பக்கம் ஒரு சாண் தள்ளி நிற்பது தெரிந்தது.

அளக்கும்போது பக்கத்து வீட்டுப் பெரியவரையும் அழைத்திருந்தோம். நாங்களே அளந்துவிட்டுத் தாளைக் கொண்டுபோய் நீட்டியிருந்தால் அந்த ஒரு சாண் வழக்காகியிருக்கும். டேப்பின் இரண்டு முனைகளையும் அவரே பார்த்ததால் பேச்சு வளரவில்லை. சுவர் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், இடிக்கச் சொல்லமாட்டோம் என்று சொன்னோம். ஆனால் உண்மையான எல்லை எது என்பதை ஒரு தாளில் குறித்து இருவரும் கையெழுத்திட்டோம். பெருந்தன்மையையும் எழுதிவைத்துக்கொள்வது நல்லது; அடுத்த தலைமுறைக்கு நம் மனசு தெரியாது.

வரைபடம் போடுவதற்கு முன்பே, என்ன கட்டப்போகிறோம் என்று அவரிடம் சொன்னோம். "உங்கள் இடத்தில் நீங்கள் கட்டுகிறீர்கள், என்னை எதற்குத் தம்பி கேட்கிறீர்கள்?" என்றார். சிறிது நேரம் கழித்துத்தான் மனத்தில் இருந்தது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவர்கள் சமையலறை ஜன்னலுக்கு வரும் வெளிச்சம் என்னாகும்? மொட்டை மாடித் தண்ணீர் எந்தப் பக்கம் விழும்? குளியலறை ஜன்னல் யாரைப் பார்த்து இருக்கும்? எல்லாம் நியாயமான கேள்விகள். காகிதத்தில் இருக்கும்வரை அழிரப்பரே போதும். மாடியின் வாட்டத்தை எங்கள் முற்றத்தை நோக்கித் திருப்பினோம், குளியலறை ஜன்னலைப் பின்சுவருக்கு மாற்றினோம், சமையலறை ஜன்னலுக்கு நேரே சுவர் வராதபடி அறையைப் பின்னால் நகர்த்தினோம்.

எல்லையிலிருந்து எவ்வளவு இடம் விடவேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தும் மாறும். அதைத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் கேட்டுக் குழம்பாமல் உள்ளாட்சி அலுவலகத்திலேயே கேட்டோம். சன்ஷேடு, படிக்கட்டு போன்றவை அந்த இடைவெளிக்குள் நீளலாமா என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம் இருக்கிறது என்பதற்காக அனுமதி வாங்காமல் இருக்க முடியாது. அனுமதி இருக்கிறது என்பதற்காக அவரிடம் சொல்லாமல் இருப்பதும் சரியில்லை.

பிறகு ஒப்பந்ததாரர்களை அழைத்தோம். பெரும்பாலானோர் நின்ற இடத்திலிருந்தே நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, சதுர அடிக்கு இவ்வளவு என்றார்கள். காலி மனையில் புது வீடு கட்டுபவருக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம். இருக்கும் வீட்டோடு சேர்த்துக் கட்டும் ஓர் அறைக்குப் பொருந்தவே பொருந்தாது. பழைய சுவரை உடைக்கவேண்டும், இடிபாட்டை அப்புறப்படுத்தவேண்டும், குறுகிய சந்து வழியாக மணலைச் சட்டியில் சுமக்கவேண்டும், கழிவுநீர்க் குழாயை மாற்றிப் போடவேண்டும். பேச்சில் விட்டுப்போனவை எல்லாம் வேலை பாதியில் நிற்கும்போது "அது தனி சார்" என்று வந்து நிற்கும். அதனால் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதி, எல்லோருக்கும் ஒரே பட்டியலையும் ஒரே வரைபடத்தையும் கொடுத்து விலை கேட்டோம். மிகக் குறைவாகச் சொன்னவர் இடிபாடு அகற்றுவதையும் மாடியின் நீர்க்கசிவுத் தடுப்பையும் விட்டிருந்தார். இரண்டையும் சேர்த்ததும் அவர் மலிவானவராக இல்லை.

நாங்கள் தேர்ந்தெடுத்தவர் விலையே சொல்லவில்லை. வந்தவுடன், "பக்கத்து வீட்டுக் கடைக்கால் எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். தெரியாது என்றோம். "அது தெரியாமல் நான் விலை சொன்னால் அது பொய்க்கணக்கு" என்றார். என் மனத்தில் அப்போதே அவர் பாதி தேர்வாகிவிட்டார். மீதிப் பாதிக்கு, அவர் முன்பு கட்டிய வீடுகளில் மழைக்காலங்களைக் கண்ட ஒன்றைப் போய்ப் பார்த்தோம். பூச்சும் நிறமும் யார் கட்டினாலும் முதல் வருடம் அழகாகத்தான் இருக்கும். நாங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டது, கடைசித் தவணை வாங்கிய பிறகும் அவர் தொலைபேசியை எடுத்தாரா என்பதைத்தான்.

பெரியவரின் அனுமதியோடு எங்கள் பக்கத்தில் சிறு குழி தோண்டிப் பார்த்தபோது, அவர் வீட்டு அஸ்திவாரம் நாங்கள் போகவேண்டிய ஆழத்தைவிட மூன்று அடி மேலேயே நின்றுவிட்டது தெரிந்தது. பொறியாளர் மணலில் ஒரு குச்சியால் வரைந்து காட்டினார். அஸ்திவாரம் தன் பாரத்தை நேர் கீழே மட்டும் இறக்குவதில்லை, பக்கவாட்டிலும் பரப்பி இறக்குகிறது. அதன் அடிவிளிம்பிலிருந்து நம் பக்கமாக 45 பாகையில் கீழ்நோக்கி ஒரு சாய்கோடு போட்டால், அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள மண் அவருடைய வீட்டைத் தாங்குகிற மண். அதை நாம் எடுக்கக் கூடாது. எளிய கணக்காகச் சொன்னால், அவர் அஸ்திவாரத்தைவிட மூன்று அடி ஆழமாகத் தோண்டவேண்டுமானால் குறைந்தது மூன்று அடி தள்ளித் தோண்டவேண்டும். மண் இளகலாகவோ ஈரமாகவோ இருந்தால் அதுவும் போதாது. எல்லையோரமாகவே தூண் வைத்து, உள்தூணோடு தரைக்கடியில் பீம் போட்டு இணைக்கும் முறையும் உண்டு என்றார். ஆனால் அந்தத் தூணுக்கும் குழி தோண்டித்தான் ஆகவேண்டும். நாங்கள் அறையைச் சுருக்கினோம். அலமாரிக்கு என்று வைத்திருந்த இடம் போனது. வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன்பு பெரியவர் வீட்டுச் சுவர்களை உள்ளும் புறமும் தேதியோடு படம் எடுத்து, அவருக்கும் ஒரு பிரதி கொடுத்தோம். ஜன்னல் லிண்டலுக்கு மேலே ஏற்கெனவே ஒரு மயிரிழை விரிசல் இருந்தது. அதன் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைச் சிறு பட்டையாகப் பூசி, மேலே தேதி எழுதிவைத்தார் பொறியாளர். விரிசல் அசைந்தால் முதலில் பட்டைதான் உடையும்.

குழிகளை ஒரே மூச்சில் தோண்டவில்லை. ஒன்று விட்டு ஒன்று தோண்டி, கான்கிரீட் போட்டு மூடிய பிறகே இடையில் உள்ளவற்றைத் தொட்டார்கள். தோண்டிய மண்ணையும் செங்கல்லையும் எல்லைச் சுவரோரம் குவிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். லாரிக்காரர் ஒருநாள் அங்கேதான் கொட்டினார், நின்று மாற்றச் சொன்னோம். தளம் போட்ட சமயத்தில் பெரியவர் வந்து, விரிசல் பெரிதானதுபோல் தெரிகிறது என்றார். எல்லோரும் போய்ப் பார்த்தோம். பட்டை முழுதாக இருந்தது. அவரே தடவிப் பார்த்துவிட்டுக் காபி கொடுத்து அனுப்பினார். அந்தப் பட்டை இல்லாவிட்டால் அன்றைக்குப் பேச்சு எங்கே போய் முடிந்திருக்கும் என்று தெரியவில்லை.

உள்ளே இன்னொரு தகராறு. புது பீமைப் பழைய சுவரில் துளையிட்டுக் கம்பியால் கட்டிவிடலாம், ஒரே கட்டடமாக நிற்கும் என்றார் மேஸ்திரி. பொறியாளர் ஒப்பவில்லை. பழைய வீடு இறங்கவேண்டிய அளவுக்கு எப்போதோ இறங்கிவிட்டது. புதியது இனிமேல்தான் சிறிது இறங்கும், இரண்டையும் இறுகக் கட்டினால் இடையில் எங்காவது பிளக்கும் என்றார். புதிய பகுதிக்குத் தனித் தூண்கள் வைத்து, பழையதற்கும் புதியதற்கும் நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் தாரில் ஊறிய அட்டையை நிரப்பினார்கள். "காசு கொடுத்து விரிசல் வாங்குகிறோமா?" என்று என் மனைவி கேட்டாள். மேஸ்திரிக்கு அன்று முழுக்க மகிழ்ச்சி.

மற்றவை வழக்கமானவைதான். கம்பி கட்டியதைப் பொறியாளர் பார்க்காமல் கான்கிரீட் இல்லை. கலவை ஓடவேண்டும் என்று அதிகத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தளத்தில் குறைந்தது 7 நாளாவது தண்ணீர் நிற்கவேண்டும். பணத்தை வாரக் கணக்கில் கொடுக்காமல், கடைக்கால், தளம், பூச்சு என்று முடிந்த வேலைக்கு மட்டும் கொடுத்தோம். மொத்தத்தில் 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைப்பதாக முன்பே பேசியிருந்தோம்.

முதல் பெருமழையில் மாடியில் அந்த இடைவெளியின் ஒரு மூலையில் ஈரம் இறங்கியது. மேலே மூடிய தகடு பழைய கைப்பிடிச் சுவருக்குள் போதுமான அளவு செருகப்படவில்லை. ஒப்பந்ததாரர் ஆளோடு வந்து, சுவரில் காடி வெட்டித் தகட்டை மறுபடி பதித்துப் பூசினார். நிறுத்திவைத்த பணத்துக்காக வந்தாரா, நல்லவர் என்பதால் வந்தாரா என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அடுத்த மழையில் கசியவில்லை, மீதியைக் கொடுத்துக் கணக்கை முடித்தோம்.