மோஷன் டெஸ்டில் சிக்காத பூச்சி

மகளுக்கு அப்போது ஐந்து வயது. படுத்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் புரண்டு புரண்டு பின்பக்கத்தைச் சொறிய ஆரம்பித்துவிடுவாள். பூச்சியாக இருக்குமோ என்று தோன்றியது. நம் வீட்டிலா என்று நானே அந்த நினைப்பை அமுக்கிவிட்டேன். மோஷன் டெஸ்டும் சுத்தம் என்று வந்தது. அரிப்புக்கு க்ரீம் தடவியே இரண்டு வாரம் போயிற்று.

அடுத்துப் பார்த்த டாக்டரம்மா குழந்தையைத் தொடுவதற்கு முன் கேள்விகளை அடுக்கினார். வீட்டில் எத்தனை பேர், அதில் பிள்ளைகள் எத்தனை, யார் யார் ஒரே படுக்கையில், தண்ணீர் எங்கிருந்து, கழிப்பறை உண்டா, வெறுங்காலோடு விளையாடுவாளா, நகம் கடிப்பாளா. எனக்குச் சுருக்கென்றது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே விளக்கினார். கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறும். உருண்டைப்புழுவின் முட்டை சில வாரம் மண்ணில் கிடந்தால்தான் தொற்றும். அதனால் கழிப்பறை இல்லாத இடங்களில் அது அதிகம். ஜியார்டியா என்ற கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணி பெரும்பாலும் தண்ணீரில் வரும். கீரிப்பூச்சிக்கு இதெல்லாம் வேண்டாம். அதன் முட்டை சில மணி நேரத்திலேயே தொற்றத் தயாராகிவிடும், பிள்ளைகள் ஒட்டிப் படுத்தால் போதும். என் பிள்ளைகள் மூன்று பேரும் ஒரே மெத்தையில்தான்.

பெண் புழு இரவில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றித் தோலில்தான் முட்டையிடும். மலத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? காலையில் கழுவுவதற்கும் கழிப்பறை போவதற்கும் முன்னால் செலோ டேப்பை அந்த இடத்தில் ஒற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மூன்று நாள் எடுத்து வரச் சொன்னார். இரண்டாம் நாள் நான் கண் விழிப்பதற்குள் அவள் கழிப்பறைக்கு ஓடிவிட்டாள். ஆக எனக்கு நான்கு நாள்.

அதற்கிடையில் ஒரு ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளை நூல் துணுக்கு மாதிரி, ஒரு சென்டிமீட்டர் இருக்கும். நூல்தான் என்று எடுக்கப் போனேன், அது நெளிந்தது. அன்றைக்கு எனக்குத் தூக்கமே இல்லை. மூன்றாவது தகட்டில் முட்டை இருப்பதாக லேபும் சொல்லிவிட்டது.

மாத்திரை அல்பெண்டசோல். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும். "எனக்கு அரிக்கவே இல்லையே" என்று கணவர் இழுத்தார். அரிக்காதவரும் பரப்புவார் என்று சொல்லிப் போட வைத்தேன். கடைக்குட்டிக்கு ஒன்றரை வயது என்பதால் அவனுக்கு அளவை டாக்டரம்மா தனியாக எழுதிக் கொடுத்தார். மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை. இதை விட்டுவிட்டுத்தான் பலரும் பூச்சி திரும்பிவிட்டது என்கிறார்கள்.

மாத்திரையைவிட அலுப்பான வேலை துணிகள்தான். முட்டை படுக்கையிலும் உடுப்பிலும் இரண்டு மூன்று வாரம்கூடத் தாங்குமாம். விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவைப்பேன். எழுந்ததும் மூவருக்கும் குளியல், வாரம் ஒருமுறை நகம்.

இரண்டாவது வேளைக்குப் பிறகும் டார்ச்சோடு எழுந்துகொண்டிருந்தேன். நான்காம் இரவு அவள் கண்ணைத் திறக்காமலே, "அம்மா, லைட்டை அணை" என்றாள்.