முட்டுக்காட்டுல நின்ன புல்லட்டும் சுண்டு விரல் சைஸ் காண்டன்சரும்

போன ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சரைக்கே நானும் மாமாவும் சைதாப்பேட்டைல இருந்து கிளம்பிட்டோம். அப்பாவோட புல்லட், 1986 மாடல் 350, அப்பா போனதுக்கப்புறம் ரெண்டு வருஷம் வீட்டு வாசல்லயே தார்ப்பாய் போத்தி நின்னுச்சு, இப்பதான் ரெடி பண்ணி முதல் தடவையா மாமல்லபுரம் வரைக்கும் எடுத்துட்டு போறோம். திருவான்மியூர் தாண்டி ஈசிஆர் புடிச்சு நீலாங்கரை, உத்தண்டி வரைக்கும் அந்த டப் டப் சத்தம் கேட்டுக்கிட்டே வந்தப்போ மாமா பின்னாடி ஒண்ணுமே பேசல.

முட்டுக்காடு பாலத்துக்கிட்ட சைலன்சர்ல ரெண்டு தடவ வெடிச்சுது, அப்புறம் ஆஃப். உதைச்சு உதைச்சு பாத்தேன், ம்ஹூம். இருபது நிமிஷம் கழிச்சு ஒரே கிக்ல ஸ்டார்ட் ஆச்சு, சரி போலாம்னு கிளம்பினா கோவளத்துக்கு முன்னாடி மறுபடியும் அதே கதை. சூடானா நிக்குது, ஆறினா ஓடுது.

"டேங்க் மூடிய தொறந்து பாருடா, காத்து ஓட்டை அடைச்சிருக்கும்"னாரு மாமா. அவர் சொன்னது சரியான யோசனைதான், மூடில இருக்குற ஓட்டை அடைச்சா பெட்ரோல் இறங்காம இதே மாதிரிதான் கொஞ்ச தூரம் ஓடி நிக்கும். ஆனா பிளக்க கழட்டினா பெட்ரோல்ல நனைஞ்சு வந்துச்சு, அப்போ பெட்ரோல் வருது, கரண்ட்லதான் கோளாறு. பிளக்க ஹெட்ல முட்டுக்கொடுத்து (பிளக் கழட்டின ஓட்டைக்கு தள்ளியே வைங்க, பெட்ரோல் ஆவி வரும்) மாமா துண்டால நிழல் காட்ட உதைச்சு பாத்தேன், மஞ்சளா நூல் மாதிரி ஒரு பொறி, அதுவும் விட்டு விட்டு.

சாவிய போட்டு கிக்கர மெதுவா அமுக்கினா அம்மீட்டர் (கரண்ட் ஓட்டத்த காட்டுற மீட்டர்) முள்ளு மைனஸ் பக்கம் சாஞ்சு நடுவுக்கு திரும்பி வந்துச்சு. பாயிண்ட் (பிளக்குக்கு ஹை வோல்டேஜ் குடுக்குற காயிலோட கரண்ட்ட, இன்ஜின் சுத்தச் சுத்த விட்டு விட்டு அறுக்குற சின்ன ஸ்விட்ச்) மூடுது, திறக்குதுன்னு அர்த்தம், பேட்டரில இருந்து பாயிண்ட் வரைக்கும் ஒயர்ல பிரச்சனை இல்ல. கவர கழட்டி பாயிண்ட்ட பாத்தா ஒரு முகத்துல குழி, இன்னொண்ணுல அதே சைஸ்ல மேடு. உப்புத்தாள் போட்டு தேய்ச்சு பெட்ரோல் துணியால துடைச்சு கேப்ப கேஜ் வெச்சு 0.35 எம்எம்க்கு செட் பண்ணேன், அப்பவும் ஸ்டார்ட் ஆகல. அப்பதான் மாமா "இங்க பாருடா"ன்னாரு. நான் உதைக்கும்போது ஒவ்வொரு தடவ பாயிண்ட் திறக்குறப்பவும் அதுக்கு நடுவுலயே நீலமா பெருசா பொறி பறக்குது!

பிளக்குல வர வேண்டிய நெருப்பு அங்க வீணாகுது. பாயிண்ட் திறந்ததும் காயிலுக்குள்ள ஓடுற கரண்ட் சட்டுனு அறுபடணும், அறுபட்டாதான் ஹை வோல்டேஜ் கிளம்பும், அந்த நேரத்துல பாயிண்ட்ல பொறி தாவாம கரண்ட்ட வாங்கிக்கிறதுதான் காண்டன்சர் வேலை. அது சூட்டுல செத்துப்போனா காயில் எவ்வளவு புதுசா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. எனக்கு ஆத்திரமே அங்கதான். வண்டி ரெடி பண்ணப்போ ஒரு ஒர்க்‌ஷாப்ல காயில், பிளக், ஒயர்னு எல்லாத்தையும் மாத்தி காசு வாங்கினாங்க, விலை கம்மியான இந்த சாமான மட்டும் பழசையே விட்டுட்டாங்க.

கோவளம் வரைக்கும் தள்ளிக்கிட்டே போனோம். அங்க ஒரு சின்ன ஷெட்ல பெரியவர் ஒருத்தர் இருந்தாரு, விஷயத்த சொன்னதும் "அட இதானா தம்பி"ன்னு தகர டப்பாவ கவுத்து பழைய கார் காண்டன்சர் ஒண்ண எடுத்தாரு. எங்க காண்டன்சர் ஒயர கழட்டி விட்டுட்டு, இத காயில்ல இருந்து பாயிண்ட்டுக்கு போற ஒயர்ல கோர்த்து, தகர உடம்ப ஒரு போல்ட்ல இறுக்கி எர்த் பண்ணாரு. பாயிண்ட் வெச்ச எந்த வண்டி காண்டன்சரும் அவசரத்துக்கு ஓடும்னாரு. பிளக்க வெச்சு உதைச்சோம், நீலமா சடக் சடக்னு சத்தத்தோட அடிச்சுது. காசு குடுத்தா வாங்கல, மாமாதான் வற்புறுத்தி டீ வாங்கிக் குடுத்தாரு.

பத்தரைக்கு மாமல்லபுரம். கடற்கரை கோயில் பக்கத்துல நிறுத்திட்டு இளநி குடிச்சோம், வெயில்ல திரும்பி வர்றப்பவும் ஒரு தடவ கூட நிக்கல. பாயிண்ட்டுக்கு பதிலா எலக்ட்ரானிக் கிட் போட்டுடுன்னு நிறைய பேரு சொல்றாங்க, நான் போடப் போறதில்ல, கண்ணால பாத்து கையால சரி பண்ண முடியிற வண்டியா இருக்கறதாலதான் அன்னைக்கு வீடு வந்து சேந்தோம். செவ்வாக்கிழமை சென்னைல ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்குற ஜிபி ரோடு போய் பாயிண்ட் ஒரு செட்டும் காண்டன்சர் ரெண்டும் வாங்கினேன். ஒண்ணு மாட்டியாச்சு, இன்னொண்ணு டூல் பாக்ஸ்ல அப்பாவோட பழைய கர்சீப்ல சுத்தி வெச்சிருக்கேன்.