‘மருந்து எடுத்தனீங்களோ?’

கிளினிக் நாள்களில் காலையில் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் மருத்துவத்தை ஆங்கிலத்தில் படித்தவர். ‘ரேக், ருக், ரேக்கின்’ (take, took, taken) என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கும் அந்த வினைச்சொல்தான் அவர் மனதில் இருக்கிறது. அதற்கு நேராக ‘எடு’ என்று தமிழில் கேட்டுவிடுகிறார். எதிரே இருப்பவர் சாவகச்சேரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த அம்மா. “ஓம், எடுத்தனான்” என்கிறார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவரும் பேசுவது வேறு வேறு விடயம்.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் மருந்து எடுப்பது என்றால் ஆசுப்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று, மருந்தை வாங்கிக்கொண்டு வருவது. “மானிப்பாயில மருந்து எடுக்கிறனான்” என்றால் அங்கே வைத்தியம் பார்க்கிறேன் என்று பொருள். அந்தக் குளிசை வாய்க்குள் போனதா என்பதை அந்த வாக்கியம் சொல்லவே இல்லை. உறை அலுமாரிக்குள் கிடக்கலாம். பிறசர், அதாவது இரத்த அழுத்தம், இறங்காததைப் பார்த்த மருத்துவர், குடித்த மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார். வீட்டில் யாராவது கவனித்து, கூட்டிய அளவை ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கினால் பிறசர் சடாரென்று இறங்கும். எழும்பும்போது தலைசுற்றி விழுவது அப்படித்தான் நடக்கிறது.

கேட்க வேண்டிய விதம் வேறு. “அம்மா, இண்டைக்குக் காலமை பிறசர்க் குளிசை போட்டனீங்களோ? எத்தினை போட்டனீங்கள்? மிச்சத்தைக் காட்டுங்கோ பாப்பம்.” குளிசை என்றால் போடுவது, பாணி மருந்து என்றால் குடிப்பது. மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. உறையில் மிஞ்சியிருப்பதை எண்ணினால் கதை வெளிச்சமாகிவிடும். 30 நாளுக்குக் கொடுத்த குளிசையில் 28ஆம் நாள் இருபது மிஞ்சியிருந்தால் அளவைக் கூட்டும் பேச்சுக்கே இடமில்லை.

ஆங்கிலத்தின் ‘ரேக்’, மருந்து எந்த வழியால் உடம்புக்குள் போகிறது என்பதை மறைத்துவிடுகிறது. தமிழ் வினை அதை வெளியே சொல்லிவிடும். அதனால்தான் மருந்து உறையில் எல்லாவற்றுக்கும் ‘உள்ளெடுக்கவும்’ என்று ஒரே சொல்லை எழுதுவது, கையிலிருக்கும் நல்ல கருவியை எறிந்துவிட்டு வேலை செய்வதுபோல எங்களுக்குப் படுகிறது. நெஞ்சுநோவுக்குக் கொடுக்கும் சின்னக் குளிசையைப் பாருங்கள். அது நாக்குக்குக் கீழே ‘வைக்கும்’ மருந்து. விழுங்கினால் அதில் பெரும்பகுதியை ஈரல் சிதைத்துவிடும், அவசரத்துக்கு உதவாது. “கதிரையில இருந்துகொண்டு நாக்குக்குக் கீழ வையுங்கோ, விழுங்காதேங்கோ” என்று மூன்று வினைகளில் சொன்னால் பிழைவிட இடமில்லை.

ஆஸ்துமா இழுப்புக்கான பம்ப் இன்னும் சிக்கலானது. ஆங்கிலச் சீட்டில் இருப்பது ‘ரேக் ரூ பவ்ஸ்’ (take two puffs). ‘இரண்டு தரம் எடுக்கவும்’ என்று எழுதினால் பலர் ஒரே மூச்சில் இரண்டு தரம் அமத்திவிடுவார்கள். மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். பம்பைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, வாயால் இறுகப் பிடித்து, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே ஒருதரம் அமத்தி, இழுத்து முடித்ததும் பத்து வரை எண்ணி மூச்சை அடக்க வேண்டும். அரை நிமிடமாவது பொறுத்துத்தான் இரண்டாவது தரம். ஸ்டீரொயிட் பம்ப் என்றால் கடைசியில் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாய்க்குள் வெள்ளை படரும்.

‘ரேக்’ நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, அங்கே முன்பிருந்த ‘நிமன்’ என்ற சொல்லைத் துரத்திவிட்டு நிலைத்தது. அதன் அடியில் இருப்பது கையால் பற்றுதல். எங்கள் ‘எடு’வின் அடியில் இருப்பது கீழே கிடப்பதைத் தூக்குதல். தனக்கென்று ஆக்கிக்கொள்வதற்குத் தமிழில் ‘கொள்’ தனியாக உண்டு. உட்கொள், பொறுப்பேற்றுக்கொள், கவனத்திற்கொள் என்று அது நிற்கும். அகராதி இரண்டையும் ஒரே வரியில் போட்டாலும் புழக்கம் அப்படிச் சேர்ந்து நடப்பதில்லை.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிசனறி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உறுப்புக்கும் நோய்க்கும் தமிழ்ப் பெயர் தேடிய அந்த உழைப்பை எவ்வளவு மெச்சினாலும் தகும். ஆனால் இன்று மருந்துக் கவுண்டரில் தடக்குவது பெரும்பாலும் பெயர்ச்சொல் இல்லை, இப்படியான சாதாரண வினைதான்.

மறுபக்கமும் உண்டு. “நான் எக்ஸ்ரே எடுத்தனான்” என்று நோயாளி சொல்வது நல்ல தமிழ். அதை ‘ஐ ருக் அன் எக்ஸ்ரே’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் அவரே மெசினை இயக்கியதாக ஆகிவிடும். “பல்லுக் கழட்டினனான்”, “தலைமயிர் வெட்டினனான்” எல்லாம் இதே அச்சுத்தான். செய்வித்தவரே செய்தவராக நிற்பதைத் தமிழ் பொறுக்கும். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஹாட்’ (had) போட்டு வாக்கியத்தைத் திருப்ப வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் மருத்துவக் கடிதங்களில் இந்தப் பிழை அடிக்கடி கண்ணில் படும்.

கந்தோரில் ரெலிபோன் இன்னொரு பொறி. “நேற்றுக் கோல் எடுத்தனான், நீங்கள் போன் எடுக்கேல்லை.” இரண்டு ‘எடு’வும் எதிரெதிர். முதலாவது அழைத்தது, இரண்டாவது பதில் சொல்லாதது. ஆங்கிலத்தில் ‘ரேக் எ கோல்’ என்பது வந்த அழைப்பை ஏற்பது மட்டும். ஆகவே ‘ஐ ருக் எ கோல்’ என்று பதிவுப் புத்தகத்தில் எழுதினால் அழைத்தவர் யாரென்பதே தலைகீழாகிவிடும்.

மீண்டும் மருந்துக்கே வருகிறோம், ஏனென்றால் அங்கேதான் பிழை உயிரைத் தொடும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்றெக்சேற் கிழமைக்கு ஒருமுறை மட்டும் போடும் குளிசை. மற்றக் குளிசைகள் நாளாந்தம் என்பதால் இதையும் நாளாந்தம் போட்டுவிடுகிறார்கள். எலும்பு மச்சை பழுதுபட்டுக் குருதிக்கலங்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். உறையில் ‘வாரம் ஒருமுறை எடுக்கவும்’ என்று எழுதினால், கிழமைக்கு ஒருதரம் கிளினிக்கில் வந்து வாங்க வேண்டும் என்றும் விளங்கலாம். ‘வெள்ளிக்கிழமை மட்டும் போடவும், மற்ற நாளில் போட வேண்டாம்’ என்று கிழமைப் பெயரோடு எழுதி, கொடுக்கும்போது அதை வாய்விட்டு வாசித்துக் காட்டி, “எந்த நாளில போடுவியள், சொல்லுங்கோ?” என்று திருப்பிக் கேட்ட பிறகே உறையைக் கையில் கொடுக்க வேண்டும்.